பிறையும் ஒற்றுமையும்: யூத நாட்காட்டி கூறும் வரலாறு

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்கிருந்த யூதர்கள் ஆஷூரா நாளில் நோன்பிருப்பதைக் கண்டார்கள். மூஸா (அலை) அவர்களையும் அவர்தம் மக்களையும் இறைவன் ஃபிர்அவ்னிடமிருந்து காப்பாற்றிய நாள் அது என்று அவர்கள் விடையளித்ததை நாம் அறிவோம். ஒரு சமூகம் எந்த நாளை நினைவில் கொள்கிறது, அந்நாளை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பவற்றிலிருந்தே அது எதனைப் பெரிதாக மதிக்கிறது என்பது புலப்படும். யூதர்களின் நாட்காட்டி இதற்குத் தக்க சான்றாகும்.

நம்மைப் போலவே அவர்களும் பிறை கண்டே மாதத்தைத் தொடங்கினர். பிறை கண்டவர்கள் ஜெரூசலத்தில் ஒரு பெரிய முற்றத்தில் கூடுவர். பிறை எப்பக்கம் சாய்ந்திருந்தது, எவ்வளவு உயரத்தில் நின்றது, எவ்வளவு அகலம் என்று சாட்சிகள் தனித்தனியே விசாரிக்கப்படுவர். இருவர் கூற்றும் ஒத்திருந்தால் மாதம் அறிவிக்கப்படும். சாட்சிகள் தயங்காமல் வரவேண்டும் என்பதற்காக அவர்களுக்கு விருந்தும் அளிக்கப்பட்டது. மிஷ்னா எனும் அவர்களது சட்டத் தொகுப்பில் இச்செய்திகள் பதிவாகியுள்ளன.

சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பெஸஹ் பெருநாள் வசந்த காலத்திலேயே வரவேண்டும் என்பது அவர்களது வேதக் கட்டளை. ஆகவே தேவைப்பட்ட ஆண்டுகளில் 13ஆவதாக ஒரு மாதத்தைச் சேர்த்தனர். வாற்கோதுமை முற்றியதா, மரங்கள் காய்த்தனவா என்று பார்த்ததோடு அவர்கள் நிற்கவில்லை. பாதைகளும் பாலங்களும் பழுதுபட்டிருந்தாலோ, தொலைவிலிருந்து புறப்பட்ட பயணிகள் இன்னும் வந்து சேராதிருந்தாலோ அதற்காகவும் மாதம் சேர்க்கலாம் என்கிறது தல்மூத்.

இவ்விடத்தில் நமது வழி வேறு. அறியாமைக் கால அரபியர் புனித மாதங்களைத் தம் வசதிக்கேற்பத் தள்ளிப்போட்டதை அல்குர்ஆன் கண்டித்தது (9:37). மாதங்கள் பன்னிரண்டே என்று அது வரையறுத்தது (9:36). எனவே ரமளான் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. எந்த நாட்டு மக்களுக்கும் நோன்பு என்றென்றும் எளிதாகவோ கடினமாகவோ அமைந்துவிடுவதில்லை.

ரோமர்கள் கி.பி. 70இல் ஆலயத்தை இடித்தபின், யூத அறிஞர்கள் யவ்னே எனும் ஊரில் கூடினர். அங்கே தலைவராயிருந்த ரப்பான் கம்லியேல், ஐயத்துக்கிடமான ஒரு பிறைச் சாட்சியத்தை ஏற்றார். பெரும் அறிஞரான ரப்பி யெஹோஷுவா அதை மறுத்தார். அவர் கணக்குப்படி ஆண்டின் மிகப் புனிதமான நோன்பு நாளாகிய யோம் கிப்பூர் வேறொரு நாளில் வந்தது. அந்த நாளிலேயே கைத்தடியையும் பணப்பையையும் எடுத்துக்கொண்டு தம்மிடம் வருமாறு கம்லியேல் ஆணையிட்டார். யெஹோஷுவா மனம் வருந்தினார். எனினும் சமூகம் இரண்டாகிவிடக் கூடாது என்று தம் கணக்கைத் தம்மோடு வைத்துக்கொண்டு புறப்பட்டுச் சென்றார். கம்லியேல் எழுந்து நின்று அவர் தலையில் முத்தமிட்டு, அறிவில் தம் ஆசான் என்றும், சொல்லை ஏற்றதில் தம் மாணவர் என்றும் அவரை வரவேற்றார்.

காலப்போக்கில் பிறைக் காட்சியின் இடத்தைக் கணக்கு பிடித்தது. கி.பி. 359இல் இரண்டாம் ஹில்லேல் இக்கணக்கை வகுத்தார் என்பது அவர்களது மரபு. 19 ஆண்டுகளில் 7 ஆண்டுகளுக்கு 13 மாதங்கள் என்பது அதன் அடிப்படை. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதின் கணித மேதை அல்குவாரிஸ்மி இக்கணக்கை விளக்கித் தனி நூலே எழுதினார். பிற சமூகத்தாரின் காலக்கணக்கையும் கற்றறிவது நம் முன்னோருக்கு இயல்பாயிருந்தது.

கணக்கு வந்ததும் பிணக்கு தீர்ந்ததா? இல்லை. கி.பி. 922இல் பலஸ்தீனத் தலைவர் பென் மெயீர் ஒரு கணக்கைச் சொன்னார். பாபிலோனிய அறிஞர்கள் வேறொன்றைச் சொன்னார்கள். ஸஆதியா அவர்கள் பக்கம் நின்று வாதிட்டார். அவ்வாண்டு பெஸஹ் பெருநாளை இரு தரப்பினரும் இரண்டு நாள் வேறுபாட்டில் கொண்டாடினர். இறுதியில் பாபிலோனியக் கணக்கே நிலைத்தது.

உள்ளூர்ப் பிறை, சர்வதேசப் பிறை, கணக்கீடு என்று நம் ஊர்களிலும் ஒரே தெருவில் இரு பெருநாட்கள் வருகின்றன. ஒரு வீட்டில் பெருநாள் தொழுகை; அடுத்த வீட்டில் இன்னும் நோன்பு. ஒவ்வொரு தரப்புக்கும் ஆதாரம் உண்டு. ஆய்வு தொடர வேண்டியதே. ஆனால் கண்ணால் கண்டாலும் கணக்கிட்டு அறிந்தாலும் ஒற்றுமை தானாக வந்துவிடாது என்பதை யூத வரலாறு காட்டுகிறது. மக்கள் அனைவரும் சேர்ந்து நோற்பதே நோன்பு, சேர்ந்து கொண்டாடுவதே பெருநாள் எனும் கருத்துடைய நபிமொழி திர்மிதீயில் உண்டு. தம் கருத்தே சரியென்று நம்பும் ஒருவர், சமூகத்துக்காக அதைச் சற்றே ஒதுக்கி வைக்கும்போதுதான் அந்த நபிமொழி வாழ்வில் நிறைவேறும். அத்தகைய பெருந்தன்மையை நம் அறிஞர்களுக்கும் நமக்கும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.