பலாலியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம்?



கனடாவில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் நேற்று தொலைபேசியில் கேட்டான்: "சேர், யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு பிளேனில் எவ்வளவு நேரம்?" ஒன்றேகால் மணித்தியாலம் என்றேன். "அவ்வளவுதானா?" என்று ஆச்சரியப்பட்டான். அவனுக்காகவே இதை எழுதுகிறேன்.

தேசப்படத்தை எடுங்கள். பலாலி ஏறத்தாழ 9.8 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சென்னை விமானநிலையம் 13 பாகையில். நெடுங்கோடு இரண்டுக்கும் 80 பாகைக்குச் சற்று மேல். அதாவது, சென்னை நமக்கு நேர் வடக்கே. வித்தியாசம் 3.2 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று பெருக்கினால் 355 கிலோமீற்றர். றோட்டால் கொழும்புக்குப் போவது இதைவிடத் தூரம்!

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இங்கே இறங்கி, சென்னைக்குப் பறந்தது. அது டக்கோட்டா விமானம். அதன் வேகத்துக்குக் கணக்குப் போட்டால் இங்கிருந்து சென்னைக்கு ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம்தான்.

பிறகு போர் வந்தது. சேவை நின்றது. 1990 இல் ஓடுபாதையைச் சுற்றியிருந்த ஊர்ச்சனம் எல்லாம் இடம்பெயர்ந்தது. சென்னைக்குப் போக வேண்டுமானால் முதலில் தெற்கே கொழும்புக்குப் போய், அங்கிருந்து திரும்ப வடக்கே பறக்க வேண்டும். 355 கிலோமீற்றர் ஆயிரத்துக்கு மேல் ஆனது.

அந்தக் கணக்கை நான் வீட்டிலேயே படித்தேன். 1999 இல் அம்மா மோசம் போனபோது, அக்கா சென்னையில் இருந்தார். செய்தி கிடைத்த மறுநாளே கொழும்புக்கு வந்துவிட்டார். அங்கே பாதுகாப்பு அனுமதிக்கும் ஆசனத்துக்கும் காத்திருந்து வீடு வந்து சேர்ந்தபோது எட்டுச்செலவும் முடிந்திருந்தது. வாசலில் நின்று, "அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே தம்பி" என்று அழுதார்.

2019 நவம்பர் 11 அன்று சென்னை விமானசேவை பலாலியில் மீண்டும் தொடங்கியது. கொரோனாவால் நின்று, 2022 டிசெம்பரில் மறுபடி தொடங்கியது. இப்போதும் ஒன்றேகால் மணித்தியாலம். எழுபத்தைந்து வருடத்தில் நேரம் பெரிதாகக் குறையவில்லை, கவனித்தீர்களா? இழந்ததைத் திரும்பப் பெற்றிருக்கிறோம், அவ்வளவுதான். ஓடுபாதைக்குப் பக்கத்தில் காணி உள்ள சிலருக்கு அதுவும் இன்னும் கிடைக்கவில்லை.

வகுப்பில் உங்களுக்கு அடிமட்டம் வைத்துத் தூரம் அளக்கச் சொல்லித்தந்தேன். வழி திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித்தரவில்லை. அந்தக் குறையை இன்று தீர்த்துக்கொள்கிறேன்.

அந்தக் காலத்தில் பலாலியிலிருந்து பறந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், கேட்டு இங்கே எழுதுங்கள் பிள்ளைகளே. அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.