கடைத் தமிழும் கம்பெனி இங்கிலீஷும்

தி.நகர் ரங்கநாதன் தெருவின் ஜவுளிக்கடைகளும், அடையாறு தாண்டித் தரமணியில் 2000-ல் திறந்த டைடல் பார்க்கும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் ஆள் எடுக்கிறார்கள், சம்பளம் போடுகிறார்கள், கண்டிக்கிறார்கள், வேலையை விட்டு அனுப்புகிறார்கள். ஆனால் இந்தக் காரியங்களுக்கு அங்கங்கே புழங்கும் பேச்சு வேறு வேறு. கடையில் 'ஆள் சேர்க்கிறது', 'பிடித்தம்', 'கணக்கு முடிக்கிறது'. கம்பெனியில் 'ஆன்போர்டிங்', 'டிடக்‌ஷன்', 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்'.

எச்.ஆர். வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் இந்த இரண்டாவது பேச்சை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். இன்டர்வியூவில் தேற அது வேண்டும். வேலையைச் சரியாகச் செய்ய அது போதாது. கடைத் தமிழில் யார் என்ன செய்தார் என்பது பெரும்பாலும் பச்சையாகத் தெரியும், ஆனால் கையில் காகிதம் இருக்காது. கம்பெனி ஆங்கிலத்தில் காகிதம் உண்டு, செய்தவர் யார் என்பது அதில் மறைந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒன்று மற்றொன்றிடம் கற்றுக்கொள்ள வேண்டியது புரியும்.

சேரும்போது

'விற்பனைக்கு ஆண்கள், பெண்கள் தேவை. உணவு, தங்கும் இடம் இலவசம்.' உஸ்மான் ரோட்டில் பண்டிகைக் காலத்தில் இப்படிப்பட்ட போர்டுகள் தொங்கும். ஆனால் போர்டைப் பார்த்து உள்ளே போகிறவர்களைவிட, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தெரிந்தவர் கையைப் பிடித்து வருகிறவர்கள் இந்தக் கடைகளில் நிறைய. "நம்ம ஊர்ப் பையன் அண்ணாச்சி, சேத்துக்கோங்க" என்ற ஒரு வாக்கியத்தில் விண்ணப்பம், சிபாரிசு, நன்னடத்தைச் சான்று மூன்றும் அடங்கிவிடுகின்றன.

கம்பெனியிலும் இதே வழக்கம் 'எம்ப்ளாயி ரெஃபரல்' என்ற பெயரில் இருக்கிறது. உள்ளே இருப்பவர் நண்பரின் ரெஸ்யூமை அனுப்புகிறார். அவர் சேர்ந்து சில மாதம் நிலைத்தால், அனுப்பியவருக்குப் பணம் கிடைக்கிறது. தெரிந்தவர் சொன்னால் நம்பலாம் என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை.

வேறுபாடு அதற்கு அடுத்த நாள் தொடங்குகிறது. கம்பெனி ஊழியருக்கு ஆஃபர் லெட்டர் வருகிறது. புரொபேஷன் எத்தனை மாதம், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று எல்லாம் அதில் இருக்கும். கடைப் பையனுக்குப் பல இடங்களில் வாய்ப்பேச்சுதான். நாளைக்குச் சம்பளத்தில் தகராறு வந்தால், தான் அங்கே வேலை பார்த்ததையே அவன் நிரூபிக்க வேண்டியிருக்கும். 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், நியமனக் கடிதத்தை எல்லாத் தொழிலாளருக்கும் உரிய ஒன்றாக ஆக்கியிருக்கின்றன. ரங்கநாதன் தெருவுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் அந்தக் கடிதம் படிக்கத் தெரியாத மொழியில் வந்தால், பையன் அதை மடித்துப் பெட்டியில் வைப்பதோடு கதை முடிந்துவிடும்.

சம்பளம்

இரண்டு மொழிகளும் அதிகம் விலகிப்போவது இங்கேதான்.

கடையில் "சம்பளம் பதினஞ்சு, கையில பதிமூணு வரும்" என்பார் மேற்பார்வையாளர். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 15,000 ரூபாயில் வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் போகும். இ.எஸ்.ஐ.க்கு ஊழியர் பங்கு 0.75 சதவீதம், ஏறத்தாழ 113 ரூபாய். மீதம் 13,087. அவர் வாயால் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. கையில் வருவதைச் சொல்லிவிட்டார். எது எங்கே போகிறது, முதலாளி தன் பங்காக எவ்வளவு கட்டுகிறார் என்பதைத்தான் சொல்லவில்லை. 'பிடித்தம்' என்ற சொல்லுக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ., போன மாதம் வாங்கிய அட்வான்ஸ் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. பிடித்த பணம் ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் பி.எஃப். அலுவலகக் கணக்கில் ஏறியதா என்று பார்க்க, யூ.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண் வேண்டும். அது என்னவென்றே தெரியாமல் வருடக்கணக்கில் வேலை பார்ப்பவர்கள் உண்டு. கடைப் பேச்சில் அதற்கென்று ஒரு சொல் இல்லாததும் இதற்கு ஒரு காரணம்.

கம்பெனியில் பேச்சு 'சி.டி.சி.'யில், அதாவது ஓர் ஊழியருக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவில், தொடங்கும். ஒருவருக்கு ஆண்டுக்கு ஆறு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஐம்பதாயிரம் என்று வீட்டில் சொல்லிவிடுவார். அதில் பத்து சதவீதம் 'வேரியபிள் பே' என்றால் 5,000 ரூபாய் நிச்சயமில்லை. 15,000 ரூபாய் உச்சவரம்புக்குக் கணக்கிட்டாலும், முதலாளியின் பி.எஃப். பங்கு 1,800. அடிப்படைச் சம்பளம் 25,000 என்றால் கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், 1,202 ரூபாய். இவையெல்லாம் சி.டி.சி.க்குள்ளேயே அடக்கம். மிச்சம் 41,998. அதில் அவருடைய சொந்த பி.எஃப். பங்கு 1,800 போனால் 40,198. தொழில்வரியும் இன்ஷூரன்ஸும் இன்னும் கழியும்.

அந்த 4.81 எங்கிருந்து வருகிறது என்று புதிதாகச் சேர்ந்தவர்களில் யாரும் கேட்பதில்லை. கிராஜுவிட்டி என்பது ஒரு வருட வேலைக்குப் பதினைந்து நாள் சம்பளம். மாதத்துக்கு 26 வேலைநாள் என்று வகுத்து, அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் 4.81 வரும். 1972-ன் சட்டத்தில் இருந்தது போலவே புதிய தொகுப்புகளிலும், நிரந்தர ஊழியர் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தால்தான் அது கைக்கு வரும். இரண்டு ஆண்டில் வேறு கம்பெனிக்குப் போகிறவருக்கு ஆஃபர் லெட்டரில் மாதாமாதம் என்று எழுதிக் காட்டிய அந்தத் தொகையில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

ஆக, கடை கையில் வருவதைச் சொல்லி உரிமையைச் சொல்லாமல் விடுகிறது. கம்பெனி மொத்தச் செலவைச் சொல்லி, கையில் வருவதை மங்கலாக்குகிறது. நல்ல எச்.ஆர். அதிகாரி என்றால் இரண்டு எண்ணையும் ஒரே தாளில், ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் காட்ட வேண்டும்.

அண்ணாச்சியும் முதல் பெயரும்

கடையில் முதலாளி அண்ணாச்சி. மூத்த விற்பனையாளர் அண்ணன், பெண்கள் பிரிவில் அக்கா. இந்த உறவுச்சொற்கள் வெறும் மரியாதைக்கு இல்லை. தங்கை கல்யாணத்துக்கு அண்ணாச்சி பணம் கொடுப்பார், ஊரில் சாவு என்றால் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்புவார். வாங்கியவனுக்கு அது கடன், நன்றி இரண்டும். ஓவர்டைம் கேட்க வாய் வராததும் அதனால்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்து இருக்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அது வரம்பு கட்டியிருக்கிறது. "அண்ணாச்சிகிட்ட போய் இதையெல்லாம் கேக்கவா?" என்ற தயக்கத்தின் முன்னால் அந்தச் சட்டத்தால் நிற்க முடியவில்லை.

கம்பெனியில் மேலாளரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எல்லாரும் சமம் என்ற உணர்வை அது தருகிறது, அதில் உண்மையும் இருக்கிறது. சந்தேகத்தைக் கேட்கலாம், கூட்டத்தில் மறுத்துப் பேசலாம். ஆனால் 'ஹெட்கவுன்ட்டைக் குறைக்க முடிவெடுக்கப்பட்டுள்ளது' என்று மெயில் வரும் நாளில், முடிவெடுத்தவர் பெயர் அதில் இருக்காது. அண்ணாச்சி திட்டினால் திட்டியவர் யார் என்று தெரியும். 'ரைட்சைஸிங்' செய்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஆங்கிலம் கைகொடுத்த இடம்

கடைத் தமிழ் எப்போதும் தெளிவு, கம்பெனி ஆங்கிலம் எப்போதும் மூடல் என்று சொன்னால் அது நேர்மையாகாது. கடையில் ஒரு பெண் "அந்த சூப்பர்வைசர் சரியில்லக்கா" என்பாள். கேட்கும் அக்காவுக்குப் புரியும். புரிந்தும், "நீ ஒதுங்கியே இரு" என்பதற்கு மேல் சொல்ல வழியிருக்காது. நடந்ததற்குப் பெயர் இல்லாததால் புகாரும் இல்லை. கம்பெனியில் அதே செயலுக்குப் பெயர் உண்டு, பயிற்சி உண்டு, குழு உண்டு. பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ன் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குத் தலைமை தாங்குபவர் பெண்ணாக இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்காக மாவட்ட அளவில் குழு உண்டு. பெரும்பாலான தி.நகர் ஜவுளிக்கடைகளில் பத்துப் பேருக்கு மேல்தான் வேலை பார்க்கிறார்கள். 'பாஷ் கமிட்டி' என்று கம்பெனிக்குள் சர்வசாதாரணமாகப் புழங்கும் அந்தச் சொல், கடை மாடிப்படி ஏறவேண்டும். கூடவே "உன்னைத் தொந்தரவு செய்தால் இவரிடம் சொல்லு" என்ற நேரடித் தமிழும் ஒரு பெயரோடு சுவரில் இருக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு பாடம் உண்டு. கடைத் தொழிலாளரின் மிகப் பழைய குறை, நாள் முழுக்க நிற்பது. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-ல் ரங்கநாதன் தெரு வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தது. கேரளம் 2018-ல் உட்காரும் உரிமைக்குச் சட்டம் செய்தது. தமிழ்நாடு 2021-ல் கடைகள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியருக்கும் உட்கார வசதி தரவேண்டும் என்றது. இதே பிரச்சினையைக் கம்பெனி மொழியில் 'எர்கனாமிக்ஸ்' என்று ஒரு பக்கக் கொள்கையாக எழுதியிருக்கலாம். ஆனால் சட்டசபை வரைக்கும் அதைக் கொண்டுபோனது "கால் வலிக்குது, உக்கார விடமாட்டேங்கறாங்க" என்ற சாதாரணப் பேச்சுதான்.

விலகும்போது

ஐ.டி. ஊழியர் "பேப்பர் போட்டுட்டேன்" என்பார். நோட்டீஸ் பீரியட், எக்ஸிட் இன்டர்வியூ, ரிலீவிங் லெட்டர் என்று படிப்படியாக இறங்கி வெளியே வருவார். கடைப் பையன் "நின்னுட்டேன்" என்பான். பொங்கலுக்கு ஊருக்குப் போவான், திரும்பி வரமாட்டான். முதலாளி அனுப்பினால் "நிப்பாட்டிட்டாங்க". அனுபவச் சான்றும் இல்லை, அடுத்த கடையில் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

அவனுக்கும் சட்டம் உண்டு. கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமின்றி நீக்கக்கூடாது என்கிறது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தரவேண்டும். குற்றம் சாட்டி நீக்கினால் விசாரணை நடத்தியிருக்க வேண்டும். நீக்கியதை எதிர்த்து மேல்முறையீடும் உண்டு. விலகியவரின் கணக்கை இரண்டு வேலைநாளில் முடிக்க வேண்டும் என்று புதிய ஊதியத் தொகுப்பு சொல்கிறது. இது கடைக்கும் கம்பெனிக்கும் பொது.

கம்பெனி ஊழியருக்கோ காகிதம் நிறைய இருக்கிறது, ஆனால் தன்னைத் தொழிலாளி என்று நினைக்கும் பழக்கம் இல்லை. 'அனலிஸ்ட்', 'அசோசியேட்', 'லீட்' என்ற பதவிப்பெயர்கள் அதை மறக்கடித்துவிடுகின்றன. ஒருவர் தொழிலாளியா என்பதைப் பதவிப்பெயர் தீர்மானிப்பதில்லை, அவர் உண்மையில் பார்க்கும் வேலைதான் தீர்மானிக்கும் என்பது தொழில் தகராறு வழக்குகளில் நிலைபெற்ற விதி. 2015 ஜனவரியில், பணிநீக்கம் செய்யப்படவிருந்த ஐ.டி. துறைக் கர்ப்பிணி ஒருவருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கியது. ஐ.டி. நிறுவனங்களுக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும், அவர்கள் சங்கம் அமைக்கலாம் என்று 2016-ல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. 'பி.ஐ.பி.' என்ற வேலைத்திறன் மேம்பாட்டுக் கெடுவில் வைத்திருக்கிறார்கள் என்று தனியாக வருந்திக்கொண்டிருந்தவர்களுக்கு, கடைத் தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பு தங்களுக்கும் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

நடுவில் நிற்கவேண்டியவர்

இந்த ஊருக்கு இரண்டு மொழிக்கு நடுவே நின்று தொழிலாளிக்காகப் பேசிய வரலாறு உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர் அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி.வாடியா. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளரிடம் அவர் ஆங்கிலத்தில் பேசுவார், அது தமிழில் பெயர்த்துச் சொல்லப்படும். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் தொழிலாளரின் குறைகளை அவரிடம் கொண்டுபோனார்கள். ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருந்த திரு.வி.க. சங்கத்தின் துணைத் தலைவரானார். உணவு இடைவேளை போதவில்லை என்ற ஆலைப் பேச்சு, நிர்வாகம் புறக்கணிக்க முடியாத கோரிக்கையாக மாறியது இவர்களால்தான்.

பிறகு சட்டமும் இதை ஒப்புக்கொண்டது. 1946-ன் நிலையாணைகள் சட்டம், வேலை விதிகளை ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் வாசலுக்கருகே பலகையில் ஒட்டவேண்டும் என்றது. தலைமைச் செயலகமோ பணிக்கொடை, தகுதிகாண் பருவம், ஈட்டிய விடுப்பு என்று தமிழிலேயே கோப்பு எழுதுகிறது. பணியாளர் துறை 2021-ல் மனிதவள மேலாண்மைத் துறை என்றே பெயர் மாறியது. தமிழில் சொல் இல்லை என்று இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது. கடைக்காரருக்கு 'பணிக்கொடை' புரியாவிட்டால் 'கிராஜுவிட்டி' என்றே எழுதி, "அஞ்சு வருஷம் வேலை பார்த்தா, வருஷத்துக்குப் பதினைஞ்சு நாள் சம்பளம்" என்று பக்கத்தில் விளக்கலாம்.

ஆகவே எச்.ஆர். படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆங்கிலச் சொற்களை நன்றாகப் படியுங்கள், அவை இல்லாமல் இந்தத் தொழிலில் நுழைய முடியாது. ஆனால் ஒவ்வொரு சொல்லைப் படிக்கும்போதும், அதை ஒரு ஜவுளிக்கடைப் பெண்ணிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று எழுதிப் பாருங்கள். செய்தவர் யார், எவ்வளவு, எப்போது, மறுத்தால் எங்கே போவது என்ற நான்கும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். அப்படி எழுத முடியாத சொல்லை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள். அப்படி எழுதிய நியமனக் கடிதம் தி.நகர் கடைக்கும் தரமணி கம்பெனிக்கும் ஒன்றுபோலவே பொருந்தும். அதை எழுதத் தெரிந்தவரைத்தான் இந்த ஊர் மனிதவள அதிகாரி என்று ஏற்க வேண்டும்.