பள்ளத்தாக்கை எட்டட்டும் பல்கலைக்கழக நூலகம்

தேனி மாவட்டத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. உத்தமபாளையத்தில் 1956-இல் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியும், போடிநாயக்கனூர் ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. பெரியகுளம் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி, கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. அதே ஊரிலுள்ள தோட்டக்கலைக் கல்லூரிக்குத் தாய் நிறுவனம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

அதாவது, இக்கல்லூரிகளின் மாணவர்களுக்கு உரிமையுள்ள பல்கலைக்கழக நூலகங்கள் மூன்று. அவற்றுள் ஒன்றுகூடப் பள்ளத்தாக்கில் இல்லை. கம்பத்திலிருந்து மதுரைப் பல்கலை நகருக்கு ஏறத்தாழ 100 கி.மீ. ஒரு நூலைப் புரட்டிப் பார்ப்பதற்காக ஒரு நாளைச் செலவிட எத்தனை மாணவர்களால் இயலும்? எண்ம நூலகத்தின் தேவையை நான் இந்தக் கேள்வியிலிருந்தே அளக்க விரும்புகிறேன்.

இதற்கான அடிப்படை வசதிகள் நாட்டில் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் வெளியிட்ட விதிமுறைகள், முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியை அளிப்பதைக் கட்டாயமாக்கின. காந்திநகரில் உள்ள 'இன்ஃப்லிப்நெட்' மையம் நடத்தும் 'சோத்கங்கா' தளத்தில் நாடெங்கிலுமிருந்து பல லட்சம் ஆய்வேடுகள் சேர்ந்துள்ளன. கல்லூரிகளுக்குக் குறைந்த ஆண்டுக் கட்டணத்தில் மின்னூல்களையும் மின்னிதழ்களையும் தரும் 'என்-லிஸ்ட்' திட்டம் 2010 முதல் செயல்படுகிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், அரசு நிர்வகிக்கும் 6,300-க்கும் மேற்பட்ட கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்துவிடுகிறது. மூன்றாண்டுகளுக்கு இதற்கான ஒதுக்கீடு ரூ.6,000 கோடி.

ஆனால், பள்ளத்தாக்கின் பழைய கல்லூரிகள் அரசு உதவி பெறுபவை; புதியவற்றில் பல சுயநிதிக் கல்லூரிகள். எந்தக் கல்லூரி மாணவருக்கு எந்தத் திட்டம் பொருந்தும், அதற்குள் நுழையும் வழி என்ன என்று கேட்டறிய ஓர் இடம் வேண்டாமா? வளாக இணையத்துக்குள் மட்டும் திறக்கும் மின்னிதழ், வீட்டிலிருந்து கைப்பேசியில் படிக்கும் மாணவருக்கு மூடிய அலமாரிதான். நிறுவனக் கடவுச்சொல்லைக் கொண்டு வெளியிலிருந்தும் நுழைய உதவும் 'இன்ஃபெட்' என்ற ஏற்பாட்டையும் இன்ஃப்லிப்நெட் வைத்திருக்கிறது. அதில் சேர்வதும், மாணவர்களைச் சேர்ப்பதும் நூலகத்தின் பணி.

அடுத்தது, தேடினால் கிடைக்க வேண்டும் என்பது. தமிழில் எழுதப்பட்ட ஆய்வேட்டின் தலைப்பை ரோமன் எழுத்தில் பதியும் வழக்கம் பரவலாக இருக்கிறது. 'முல்லைப் பெரியாறு' என்பதை ரோமன் எழுத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். பதிந்தவர் ஒரு விதமாகவும் தேடுபவர் வேறு விதமாகவும் எழுதினால் ஆய்வேடு இருந்தும் இல்லாததே. பக்கங்கள் வெறும் படங்களாக வருடப்பட்டிருந்தாலும், ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சாகியிருந்தாலும் உள்ளடக்கத்தில் தேட முடியாது. இதற்குத் தீர்வு எளியது. ஆனால் உழைப்பைக் கோருவது. ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் தமிழ் எழுத்தில் தலைப்பு, தமிழில் ஒரு பக்கச் சுருக்கம், ஊர், வட்டம், பயிர், ஆறு ஆகியவற்றின் பெயர்கள் எனப் பதிவு செய்ய வேண்டும். அப்போதுதான் சின்னமனூர் வாழை விவசாயியும் தம் மண்ணைப் பற்றிய ஆய்வைக் கண்டெடுக்க முடியும்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குக் கம்பம் பன்னீர் திராட்சையைச் சுட்டிக்காட்டலாம். அதற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புவிசார் குறியீட்டு விண்ணப்பத்தில், அப்பொருளுக்கும் அந்த மண்ணுக்குமான உறவை வரலாற்று ஆவணங்களால் நிறுவ வேண்டும். நாளை இப்பகுதியின் வேறொரு விளைபொருளுக்குக் குறியீடு கேட்க நினைக்கும் உழவர்கள், அந்தச் சான்றை எங்கே தேடுவார்கள்?

நீர் குறித்த ஆவணங்களின் நிலையும் இதுவே. பெரியாற்றுக் குத்தகை ஒப்பந்தம் 1886-இல் கையெழுத்தானது. அணை 1895-இல் திறக்கப்பட்டது. கட்டுமானத்தின் முழு வரலாற்றை ஏ.டி.மெக்கன்சி 1899-இல் நூலாக எழுதினார். டபிள்யூ.பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட விவரச்சுவடி 1906-இல் வெளிவந்தது. உச்சநீதிமன்றம் 2006-லும் 2014-லும் தீர்ப்புகள் வழங்கியது. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. தம் வயலுக்கு வரும் நீரின் ஆவணங்களைப் பள்ளத்தாக்கு மக்கள் ஒரே இடத்தில், தமிழ்க் குறிப்புகளுடன் படிக்க முடியவேண்டும். பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்களுக்குச் சட்டத் தடை இல்லை. உரிமை உள்ள நூலாயினும், தன்னிடம் அச்சுப்படி இருந்தால் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துக்கொள்ள, வணிக நோக்கமற்ற பொது நூலகத்துக்கு 2012 சட்டத் திருத்தம் இடமளிக்கிறது.

சந்தா கட்டிப் பெறும் இதழ்கள் வாடகை வீடு போன்றவை. பணம் நின்றால் கதவு மூடும். நாமே எண்மமாக்கிய ஆவணங்கள் சொந்த வீடு. இரண்டும் தேவைதான். எனினும், வாடகைக்கே முழு நிதியும் போகுமானால், நம்மைப் பற்றிய அறிவும் வெளியிலிருந்தே வரும். கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் வாழ்வை ஆராய்ந்து ஆனந்த் பாண்டியன் எழுதிய ஆங்கில நூலை 2009-இல் வெளியிட்டது அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம். அத்தகைய ஆய்வுகள் பெருகட்டும். அவற்றை ஆராயப்பட்ட ஊரின் மாணவரும் படிக்க வழி செய்வது நம் நூலகங்களின் பொறுப்பு.

சேர்ப்பதைப்போலவே காப்பதும் முக்கியம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. மாற்றுப்படி இல்லாத சுவடிகளும் அவற்றில் அடங்கும். எண்ம வடிவமும் தன்னளவில் அரணாகிவிடாது. 2023 அக்டோபரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் நூற்பட்டியலே பல வாரங்கள் முடங்கியது. ஒவ்வொரு கோப்புக்கும் வெவ்வேறு ஊர்களில் குறைந்தது மூன்று படிகள் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று இணையத்தோடு தொடர்பற்றதாக இருக்க வேண்டும்.

இவையெல்லாம் பெரும் பணம் இருந்தால்தான் நடக்கும் என்பதில்லை. ஈழத் தமிழர்கள் 2005-இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம், நூல்களோடு சிற்றிதழ்கள், பள்ளி மலர்கள், ஊர் மலர்கள், நாளிதழ்கள் எனத் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்தது. ஆவணங்களை வரிசைப்படுத்தித் தரும் 'டி-ஸ்பேஸ்', நூலகப் பணிகளை நடத்தும் 'கோஹா' ஆகிய மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை. அரசுப் பல்கலைக்கழகங்களின் நிதி நெருக்கடியை நான் மறுக்கவில்லை. ஆனால், நெருக்கடியில் முதலில் நிரப்பப்படாமல் விடப்படுவது நூலகர் பணியிடம் என்பதே கவலைக்குரியது. வருடும் கருவியை ஒருமுறை வாங்கினால் போதும்; பட்டியலிடவும், பிழை திருத்தவும், மாணவரின் கேள்விக்கு விடை சொல்லவும் ஆள் நாள்தோறும் வேண்டும்.

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. நூறு கிலோமீட்டர் பேருந்துப் பயணத்தை மிச்சப்படுத்துவதும் அந்த விதிக்குள் அடங்கும்.

மூன்று பல்கலைக்கழக நூலகங்களும் இணைந்து தேனியில் ஒரு சேவை மையத்தைத் தொடங்கலாம். கல்லூரி நூலகர்களுக்குக் கல்வியாண்டின் தொடக்கத்தில் பயிற்சி அளிக்கலாம். கேட்ட கட்டுரையை இரண்டு நாள்களுக்குள் அனுப்பும் தொலைபேசிச் சேவையையும், பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒலிவடிவ நூல்களையும் வழங்கலாம். எந்தக் கல்லூரி எவ்வளவு பயன்படுத்தியது என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எத்தனை லட்சம் பக்கங்கள் எண்மமாயின என்பதைவிட, கூடலூரில் படிக்கும் ஒரு மாணவி அவற்றில் எத்தனை பக்கங்களைப் படித்தார் என்பதே நூலகத்தின் வெற்றியைச் சொல்லும்.