சாடியின் முத்திரை முதல் நடுவரின் மதிப்பெண் வரை: செங்கல்பட்டுக் கடற்கரையிலிருந்து ஒயின் நற்பெயரின் வரலாறு

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் கலக்கும் இடத்தையொட்டி வசவசமுத்திரம் என்ற சிற்றூர் இருக்கிறது. 1970இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது உறைகிணறுகளும் ரௌலட்டட் வகைப் பானை ஓடுகளும் கிடைத்தன. அவற்றோடு அடி கூம்பிய ஆம்போரா சாடிகளின் துண்டுகளும் இருந்தன. இரா. நாகசாமியும் அப்துல் மஜீதும் எழுதிய அறிக்கை 1978இல் வெளிவந்தது. அந்தச் சாடித் துண்டுகளைக் கடல் வாணிபத்தின் சான்றாகவே இதுவரை படித்து வந்திருக்கிறோம். இக்கட்டுரை அவற்றிடம் வேறொன்றைக் கேட்கிறது. எங்கோ ஒரு தீவில் பிழிந்த மதுவைக் கண்டிராத ஒருவர், திறந்து பார்க்கவும் வழியில்லாத சாடியை, எதை நம்பி விலை கொடுத்து வாங்கினார்? இன்று நாசிக்கிலோ கம்பத்திலோ சிறிய ஒயின் ஆலை தொடங்குபவர் முன்னால் நிற்பதும் இதே கேள்விதான்.

முதல் விடை சாடியின் வடிவத்திலேயே இருக்கிறது. இதே கடற்கரையில் தெற்கே உள்ள அரிக்கமேட்டின் ஆம்போராக்களை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை ஏஜியன் கடலின் கோஸ் தீவு வகையைச் சேர்ந்தவை என்றார். இரண்டு தண்டுகளை ஒட்டியது போன்ற கைப்பிடி அந்தச் சாடியின் அடையாளம். கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பார்கள். அது நெடும்பயணத்தைத் தாங்கும் என்று பெயர் பெற்றிருந்தது. பெயர் பரவியதும் போலிகள் கிளம்பின. கோஸ் பாணி ஒயினை இத்தாலியிலேயே செய்து கொள்ளும் முறையைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே ரோமானியரான கேட்டோ தன் வேளாண் நூலில் எழுதிவைத்தார். இத்தாலியிலும் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) நாட்டிலும் ஸ்பெயினிலும் அதே இரட்டைக் கைப்பிடிச் சாடியை வனைந்தார்கள். ரோட்ஸ் தீவினர் இன்னொரு வழி கண்டார்கள்: கைப்பிடியில் சாடி செய்தவரின் பெயர், ஆண்டைக் குறிக்கும் பூசாரியின் பெயர், மாதம் ஆகியவற்றை முத்திரையாகப் பதித்தார்கள். மதுவைப் பிழிந்த உழவரின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. ஊர் பேசியது, சாடி பேசியது, அவர் பேசவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்தியத் தளங்களில் ரோமானிய ஆம்போரா என்று பதிவான ஓடுகளில் பல, உட்புறம் நிலக்கீல் பூசிய மெசொபொத்தேமியச் சாடிகள் என்று ராபர்ட்டா டாம்பர் காட்டியிருக்கிறார். எல்லா ஆம்போராவிலும் மது வந்ததும் இல்லை. எண்ணெயும் மீன்சாறும் வந்தன. வசவசமுத்திரத்து ஓடு ஒவ்வொன்றையும் ரோமாபுரியின் விருந்து மேசையோடு முடிச்சுப் போடும் ஆர்வத்தை நாம் அடக்கிக்கொள்வது நல்லது. ஆனாலும் மதுவுக்குத் தர வரிசை இருந்தது என்பதில் ஐயமில்லை. இந்தியாவின் மேற்குக் கரையில் இருந்த பாரிகாசா துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டிய சரக்குகளைச் சொல்லும் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் கையேடு, ஒயினில் இத்தாலியதை முதலில் வைத்து, லவோதிக்கேயாவினதையும் அரேபியாவினதையும் அடுத்து வைக்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் திராட்சை மதுவைக் காபிசாயனம், ஹாரஹூரகம் என விளைந்த நாட்டின் பெயராலேயே குறிக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி இத்தாலிய ஒயின்களைத் தரம் பிரித்து எழுதியபோது, ஊர்ப்பெயரைச் சுவையின் அளவுகோலாக்கும் வழக்கம் முதிர்ந்திருந்தது.

இந்தக் கரையின் சொந்த மதுவுக்கு வேறு வகையான சாட்சி கிடைத்தது. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சிக்குப் போகும் வழியில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தைக் காட்டுகிறது. அது மாமல்லபுரமா வசவசமுத்திரமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அப்பாட்டில் வலைஞர் குடியிருப்பின் நறும்பிழி செய்முறை முழுவதுமாக வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி ஆற்றி, முளைதானியத்தின் பொடியைக் கலந்து, வாய் உறுதியான சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, விளைந்ததை விரலால் அரித்து எடுக்கிறார்கள். புற்றுக்குள் இருக்கும் கறையான் கூட்டைப் போன்ற தோற்றம் என்று அந்த மாவுக்கு உவமை சொல்லும் அளவுக்குக் கவனம். பின்னாளில் சுவைக் குறிப்பு எழுதியவர்களில் பலர் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையே ஒரு பரிந்துரைதான். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணர், வழியில் எதிர்ப்படும் இன்னொரு பாணரிடம் எந்தக் குடியிருப்பில் என்ன உணவு, என்ன கள் கிடைக்கும் என்று சொல்கிறார். சொல்பவர் விற்பவர் அல்லர். தான் உண்டு தீர்த்தவர். மதிப்புரைக்கு நம்பிக்கை தருவது இந்த நிலைதான். புரவலர் தந்த விருந்தில்தான் அவரும் வயிறு நிறைத்தார் என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆலையின் செலவில் பயணம் போய்வந்து எழுதும் இன்றைய விமர்சகரும் அந்த மரபில் வந்தவரே. கடல் கடந்து வந்த மதுவும் இப்படிப் பாடப்பட்டது. யவனர் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த தேறலைப் பொற்கிண்ணத்தில் அருந்தும் பாண்டியனைப் புறநானூற்றில் நக்கீரர் வாழ்த்துகிறார். அது மதுரையின் செய்தி, தொண்டை நாட்டுடையது அன்று. என்றாலும் ஒரு பானத்தின் மதிப்பு அதை யார் குடித்தார் என்பதாலும் ஏறும் என்பதற்கு அதைவிடப் பழைய தமிழ்ச் சான்றைத் தேடுவது கடினம்.

பல நூற்றாண்டுகள் தாண்டி 18ஆம் நூற்றாண்டுக்கு வந்தால், இந்தக் கடல்வழியே தரச்சான்றாக மாறியிருந்தது. மதராசின் ஆங்கிலேயர் மிகுதியாகக் குடித்தது மதீரா தீவின் ஒயின். வெப்பமண்டலக் கடலில் கப்பலின் அடித்தளத்தில் கிடந்து சூடேறிய மதீராவின் சுவை மேம்படுவதைக் கண்டார்கள். இந்தியாவுக்குப் போய்த் திரும்பிய பீப்பாய் என்று சொல்லியே கூடுதல் விலைக்கு விற்றார்கள்.

மதிப்பிடுவது தனித் தொழிலானது அதன் பிறகு. பாரிஸ் கண்காட்சிக்காக 1855இல் போர்தோ தரகர்கள் வகுத்த தரவரிசை, அதுவரை சந்தையில் கிடைத்த விலையையே அடிப்படையாகக் கொண்டது. ஏற்கெனவே பெயர் உள்ளவருக்கே பெயர் தரும் ஏற்பாடு அது; சிறியவர் நுழைய வாசல் இல்லை. 1976 மே 24இல் பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய மறைவுச் சுவைப்பு அந்த வாசலைத் திறந்தது. பெயர்ச்சீட்டு மறைக்கப்பட்டிருந்ததால், கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் ஆலையின் 1973 சிவப்பு ஒயினைப் பிரெஞ்சு நடுவர்களே முதலிடத்தில் வைத்தார்கள். 1970இல் நட்ட இளங்கொடியின் பழத்தில் செய்தது அது. ஆனால் அங்கே டைம் இதழின் ஜார்ஜ் டேபர் இல்லாமல் போயிருந்தால், அந்தத் தீர்ப்பு அந்த அறையோடு முடிந்திருக்கக்கூடும். அழைக்கப்பட்ட செய்தியாளர்களில் வந்தவர் அவர் ஒருவர்தான். 1978இல் அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் தன் இதழைத் தொடங்கி, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் பழக்கத்தைப் பரப்பினார்.

பதக்கத்தை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. கலிபோர்னிய மாநிலக் கண்காட்சியில் ஒரே புட்டியின் ஒயினை நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை கொடுத்துப் பார்த்த ராபர்ட் ஹாட்ஜ்சன், பத்தில் ஒரு நடுவர் மட்டுமே ஏறத்தாழ ஒரே மதிப்பெண் தந்தார் என்று 2008இல் எழுதினார். அவரே சிறிய ஒயின் ஆலை வைத்திருந்தவர் என்பதால் அந்த ஐயத்துக்கு வலு கூடுகிறது. பல போட்டிகளுக்கு அனுப்பினால் எதிலாவது ஒன்றில் பதக்கம் விழும் வாய்ப்பு அதிகம். ஆலைக்காரர்களும் இதை அறிந்தே அனுப்புகிறார்கள்.

இந்தியாவில் நாராயண்காவின் இண்டேஜ் நிறுவனம், 1980களில் தன் நுரை ஒயினை ஓமர் கயாம் என்ற பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கே பெற்ற மதிப்பை உள்ளூருக்குக் கொண்டுவந்தது. பெங்களூருக்கு அருகே நந்தி மலையடியில் தொடங்கிய குரோவர் ஆலை, 1990களில் பிரான்சின் புகழ்பெற்ற ஒயின் வல்லுநர் மிஷேல் ரோலனை ஆலோசகராக அழைத்தது. அவர் பெயரே பாதி மதிப்புரை. 2000இல் முதல் ஒயினை வெளியிட்ட நாசிக்கின் சூலா வேறு பாதை போனது. 2005இல் ஆலையிலேயே சுவைக்கூடம் திறந்து, வாங்குபவரைத் தோட்டத்துக்கு வரவழைத்தது. மது விளம்பரத்தைத் தொலைக்காட்சியில் தடுக்கும் 1994ஆம் ஆண்டு விதி இருக்கும் நாட்டில் இது வெறும் சுற்றுலா யோசனை இல்லை. விளம்பரம் செய்ய முடியாதவருக்கு வந்துபோகும் விருந்தாளிதான் பாணர். நாசிக் பள்ளத்தாக்கு ஒயினுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் பழைய கோஸ் முறையின் தொடர்ச்சியே: தனி ஆலையின் பெயரை அறியாதவரும் ஊர்ப்பெயரை நம்பி ஒரு புட்டியை எடுப்பார்.

செங்கல்பட்டுக் கரையில் இந்தச் சங்கிலி அறுந்தது சட்டத்தால். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதையும் எட்டியது. பிறகு தளர்ந்தும் இறுகியும் வந்த கொள்கையில், 1987 முதல் கள்ளுக்கும் இடமில்லை; பனையேறிக்குப் பதநீர் மட்டும் மிஞ்சியது. 1983இல் தோன்றிய அரசு மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக், 2003இல் சில்லறை விற்பனையையும் தன்னிடமே எடுத்துக்கொண்டது. ஒரே விற்பனையாளர் உள்ள சந்தையில், சரக்கின் தரத்தை எடுத்துச் சொல்லக் கடைக்காரருக்குத் தேவையே எழுவதில்லை. சிறிய ஆலையின் புட்டி அந்தக் கடையில் வைக்கப்பட்டாலும், அதை எடுத்துக் கொடுத்து நாலு வார்த்தை சொல்ல ஆள் இருக்காது. கோவா தன் முந்திரி ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடும் 2016இல் பாரம்பரியப் பானம் என்ற தகுதியும் பெற்றதை இதோடு ஒப்பிட வேண்டும். அங்கே அந்தக் குடிசைத் தொழிலைச் சட்டம் முன்பே ஏற்றிருந்தது, இந்தப் பெயர்கள் பின்னால் வந்தன.

அதே மாமல்லபுரத்தில் கல்தச்சருக்கு இந்த வரிசை சரியாக நடந்தது. 1957இல் சிற்பக் கல்லூரி, 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியல், 2015இல் உலகக் கைவினை மன்றத்தின் அங்கீகாரம், 2017இல் புவிசார் குறியீடு. சாலையோரச் சிறு பட்டறையும் ஊர்ப்பெயரின் நிழலில் விலை பேசுகிறது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சையும் குறியீடு பெற்றது, ஆனால் பழமாக. அதிலிருந்து ஒயின் செய்யும் ஒருவருக்கு என் கணிப்பில் முதல் கதவு வெளிநாட்டுப் போட்டி அல்ல, கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகள்தான். டாஸ்மாக் கடைக்கு வெளியே உரிமத்தோடு மது பரிமாறும் இடங்கள் அவை. அங்கே மீன் வறுவலோடு ஒரு கோப்பையை வைத்து, அது எந்த ஊர்ப் பழம் என்று சொல்லப் பரிமாறுபவர் இருக்கிறார். குடித்துவிட்டுத் தன் ஊருக்குப் போய்ச் சொல்லப் பயணியும் இருக்கிறார். பதக்கத்துக்கு அனுப்புவதை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.