மழையில் நனைந்த மூன்று பேர்



நாலு நாளாகத் தொண்டை கரகரப்பு, அடுக்குத் தும்மல். "மழையில காய்கறி வாங்கப் போகாதீங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா?" என்று வீட்டில் திட்டு. நானும் முப்பது வருடம் வகுப்பில் இதையேதான் சொன்னேன். மழையில் நனைந்தால் சளி பிடிக்கும். அது சரிதானா என்று ஒரு நாடே சோதித்துப் பார்த்த கதையைப் படுக்கையில் இருந்தபடி எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் சால்ஸ்பரி ஊருக்கு வெளியே, போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் கட்டிக்கொடுத்த ஒரு மருத்துவமனை இருந்தது. 1946-இல் அங்கே ஜலதோஷத்துக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ் என்ற மருத்துவர் அதற்குத் தலைமை. பத்து நாள் தங்க இடம், சாப்பாடு, கொஞ்சம் கைச்செலவுக் காசு. பதிலுக்கு மூக்கில் சில சொட்டு விட்டுக்கொள்ள வேண்டும். அதில் கிருமி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உலாவப் போகலாம், ஆனால் வெளியாட்களிடமிருந்து 30 அடி தள்ளியே நிற்க வேண்டும். நிலையத்தை மூடிய 1990 வரை ஏறத்தாழ 20,000 பேர் இப்படி வந்து போனார்கள். தேனிலவுக்கு வந்த தம்பதிகளும் உண்டாம்!

ஆண்ட்ரூஸ் சிலரை வெந்நீரில் குளிக்கவைத்து, ஈர உடையோடு காற்றடிக்கும் நடையில் அரை மணி நேரம் நிறுத்தினார். பிறகு ஈரக் காலுறையோடு பல மணி நேரம் இருக்கச் சொன்னார். பாவம், நடுங்கிப்போனார்கள். ஆனால் கிருமி கொடுக்காமல் குளிரில் மட்டும் நிறுத்தப்பட்ட ஒருவருக்கும் ஜலதோஷம் வரவில்லை.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் மூக்கருகே சின்னக் குழாய் பொருத்தி, மூக்கு ஒழுகுவது போலவே சாயநீரைச் சொட்டவிட்டார்கள். அவர் மற்றவர்களோடு சீட்டாடினார், சாப்பிட்டார். பிறகு புற ஊதா விளக்கைப் போட்டால் சீட்டு, சாப்பாடு, முகம் எங்கும் அந்தச் சாயம் மின்னியது.

1960-இல் அங்கே டேவிட் டிரெல் குழுவினர் ஜலதோஷக் கிருமியை வளர்க்க ஒரு வழி கண்டார்கள். உடம்பின் 37 டிகிரிக்குப் பதில் மூக்கின் உட்புறம் போல 33 டிகிரியில் வைத்தபோது அது நன்றாக வளர்ந்தது. அந்த ரைனோவைரஸில் மட்டும் இன்று 160-க்கும் மேற்பட்ட வகைகள் தெரியும். தடுப்பூசி ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்குப் பாதிப் பதில் இதுவே. அங்கே சிக்கிய வேறொரு கிருமியை மின் நுண்ணோக்கியில் படமெடுத்தவர் ஜூன் அல்மெய்டா. கிளாஸ்கோ பேருந்து ஓட்டுநரின் மகள், 16 வயதில் பள்ளியை விட்டவர். சுற்றிலும் ஒளிவட்டம் போலத் தெரிந்ததால் 1968-இல் அந்தக் குடும்பத்துக்குக் கொரோனா என்று பெயர் வைத்தார்கள். நாம் அந்தப் பெயரைக் கேட்க இன்னும் 52 வருடம் ஆனது.

இப்போது என் கணக்கு. ஒரு ஐப்பசி மழையில் ஏழாம் வகுப்பில் மூன்று பேர் தொப்பலாக நனைந்து வந்தார்கள். "சளியைக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று வராந்தாவில் நிறுத்தினேன். அதே நாளில், மூக்கு ஒழுக ஒழுக வந்த ஒரு பையனை முதல் பெஞ்சில் உட்காரவைத்துப் பாராட்டினேன். ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவன், ஆண்டு விழாவில் பரிசு வாங்கப்போகிறவன். அடுத்த வாரம் பாதி வகுப்பு தும்மியது. நான் அந்த மூவரைத்தான் திட்டினேன்.

குளிர் முழு நிரபராதியா என்றால், 2005-இல் கார்டிஃப் நகரில் 90 பேரைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காலை வைக்கச் சொன்னார்கள். அடுத்த சில நாளில் அவர்களில் 13 பேர் ஜலதோஷம் என்றார்கள், கால் நனைக்காத 90 பேரில் 5 பேர். மூக்கில் ஏற்கெனவே பதுங்கியிருக்கும் கிருமிக்குக் குளிர் வழி விடுகிறது என்பது அவர்கள் ஊகம். ஆகவே வீட்டில் பேசியதற்கும் கொஞ்சம் நியாயம் உண்டு (இந்த வரியை அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை).

மகன் போனில், போன தடவை மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கைப் போடச் சொன்னான். வைரஸிடம் அது செல்லாது என்று மறுத்துவிட்டேன். உப்பு வெந்நீரில் கொப்பளிக்கிறேன், தேன் கலந்த சுக்குத் தண்ணீர் குடிக்கிறேன், தூங்குகிறேன். மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் விடாமல் அடித்தாலோ டாக்டரிடம் போவேன். பேத்தி வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறாள், நான்தான் சொன்னேன்.

அந்த மூன்று பேரில் இருவர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். மூன்றாமவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.