தோளிற் கிடந்த ஆடு

கிறித்தவ சமயத்தில் இறைவன் அடியாரைக் காக்கும் திறத்தை உணர்த்த வழங்கும் உருவகங்களுள் மேய்ப்பன் என்னும் உருவகம் தலையாயது. தாவீதின் பெயரால் வழங்கும் 23ஆம் சங்கீதத்தை அறியாத கிறித்தவர் அரியர். அதன் இனிமை கருதி, இவ்வுருவகத்தை ஆறுதல் மொழி என்ற அளவிலேயே பலரும் கொண்டொழிவர். ஆயின் கி. பி. 3ஆம் நூற்றாண்டில் மேற்றிசைத் திருச்சபையில் இவ்வுருவம் ஒரு கடிய வழக்கின் நடுவே நின்றது. திருமுழுக்குப் பெற்றபின் பெரும்பிழை செய்தவனைச் சபை மீண்டும் ஏற்கலாமோ, ஏற்றல் ஆகாதோ என்பதே அவ்வழக்கு. மேய்ப்பன் தோளிற் கிடக்கும் ஆடு யார் என்னும் வினா அவ்வழக்கிற் பெரும்பங்கு கொண்டது. அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேய்ப்பன் என்பது பழங்காலத்தில் அரசர்க்கு வழங்கிய பெயர். பாபிலோன் வேந்தன் ஹம்முராபி கி. மு. 18ஆம் நூற்றாண்டில் பொறித்த சட்டக் கல்வெட்டின் முகவுரையில் தன்னை மேய்ப்பன் என்றே கூறிக்கொள்கின்றான். எகிப்திய மன்னர் சின்னமாகக் கொண்ட வளைகோல் இடையர் கோலின் வடிவினது. ஹோமர் அகமெம்னோனை மக்களின் மேய்ப்பன் என்பர். தமிழிலும் கோன் என்னும் சொல் அரசனையும் ஆயர்குலத்தார் பட்டத்தையும் குறித்தல் ஈண்டு நினைவிற்கு வரும். எனினும் அவ்வொப்புமை ஒன்றே கொண்டு தொடர்பு காட்ட முனைதல் பொருந்தாது.

எபிரேயத் தீர்க்கதரிசிகள் இப்பெயரை அரசர்க்கு எதிராகவே திருப்பினர். எசேக்கியேல் நூலின் 34ஆம் அதிகாரம் இதற்குத் தக்க சான்று. எருசலேம் கி. மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியரால் அழிவுற்றது. எசேக்கியேல் அந்நாட்டிற்குச் சிறையாகக் கொண்டுசெல்லப்பட்டோருள் ஒருவர். கொழுத்ததை உண்டு, ஆட்டு மயிரை உடுத்து, முறிந்ததைக் கட்டாமலும் சிதறியதைத் தேடாமலும் விட்ட தலைவர்களை அவர் மேய்ப்பர் என்றே விளித்துக் கடிகின்றார். அவர்கள் கையினின்றும் மந்தையை மீட்டு, இறைவன் தானே தேடி மேய்ப்பான் என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. இறைவனின் பரிவு ஈண்டு ஆட்சியாளர்மேற் சாட்டிய குற்றத்தோடு பிணைந்தே பேசப்படுதல் நோக்கத்தக்கது.

நற்செய்தி நூல்களுள், காணாமற்போன ஓர் ஆட்டிற்காகத் தொண்ணூற்றொன்பதை விட்டுச் சென்றவன் உவமை மத்தேயு 18இலும் லூக்கா 15இலும் உளது. அவன் ஆட்டைத் தோளிற் சுமந்தான் என்னும் செய்தி லூக்காவில் மட்டுமே காணப்படும். யோவான் 10ஆம் அதிகாரம் மந்தைக்காக உயிர்கொடுக்கும் மேய்ப்பனையும், ஓநாயைக் கண்டு ஓடும் கூலியாளையும் எதிரெதிர் நிறுத்துகின்றது. இவ்விரு பகுதிகளும் பின்வந்த பூசலில் பெரிதும் எடுத்தாளப்பட்டன.

இனி, உருவங்களை நோக்குவோம். ஆட்டைத் தோளிற் சுமக்கும் வடிவம் கிறித்தவர் புதிதாகப் படைத்ததன்று. தனாக்ரா நகரை ஹெர்மீஸ் ஓர் ஆட்டுக்கடாவைச் சுமந்து காத்த கதையைப் பௌசானியாஸ் குறிக்கின்றார். உரோம நகரத்து நிலவறைக் கல்லறைகளில் இவ்வடிவம் பலவிடத்தும் தீட்டப்பெற்றுள்ளது. சிலுவையில் அறையுண்ட கோலத்தைத் தீட்டுதல் அக்காலத்து வழக்கில் இல்லை. சிரியா நாட்டில் யூப்ரட்டீஸ் ஆற்றங்கரையிலுள்ள டூரா யூரோப்பஸ் என்னும் நகரில் 1932இல் அகழ்ந்து கண்ட வழிபாட்டு வீட்டில், திருமுழுக்குத் தொட்டிக்கு மேலே இம்மேய்ப்பன் காணப்பட்டான். கி. பி. 256 அளவில் பாரசீகர் முற்றுகைக்கு அஞ்சி மதிலை வலியுறுத்தக் கொட்டிய மண்ணே அவ்வீட்டை மூடி ஓவியத்தைக் காத்தது. மேய்ப்பனுக்குக் கீழே ஒருபுறம் ஆதாமும் ஏவாளும் சிறிய உருவினராய்த் தீட்டப்பட்டுள்ளனர்.

தொட்டிக்கு மேலுள்ள ஆடு, புறத்திருந்து இப்பொழுதுதான் மந்தைக்குள் வருவது. கல்லறைச் சுவரிலுள்ள ஆடு, இவ்வுலக வாழ்வு முடித்துச் செல்வது. வடிவம் ஒன்றே, எழுதப்பட்ட இடம் பொருளை வேறாக்குகின்றது. இவ்விரண்டிலும் எவர்க்கும் மறுப்பில்லை. நற்கருணைக் கிண்ணத்தில் அதே மேய்ப்பனை வரைந்தபோதுதான் இடர் தோன்றிற்று. அக்கிண்ணத்திற் பருகுவோர் முன்னரே மந்தையைச் சேர்ந்தவர். அங்ஙனமாயின் காணாமற்போன ஆடு அவர்களுள் ஒருவனாதல் வேண்டும்.

அக்கிண்ணங்களைப் பற்றி நமக்குச் சொல்பவர் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துலியன். அவர் அவற்றைப் புகழவில்லை, சினந்து பழிக்கின்றார். 'கற்பொழுக்கம் பற்றி' என்னும் அவருடைய நூல், பிறனில் விழைந்த குற்றத்திற்கும் மன்னிப்பு உண்டு என ஓர் ஆயர் விடுத்த ஆணையை எதிர்த்து எழுந்தது. அவ்வாயர் உரோம நகரத்துக் கலிஸ்து (217–222) என்பர் ஒரு சாரார். கார்த்தேஜ் ஆயரே என்பர் மற்றொரு சாரார். கிண்ணத்து மேய்ப்பனைக் காட்டி மன்னிப்பிற்கு வாதிடுவாரை நோக்கி, அவ்வுவமையின் ஆடு கிறித்தவனன்று, புறச்சமயத்தானே என அவர் சாதிக்கின்றார். மேய்ப்பன் வடிவில் தோன்றும் வானவன் மனமாற்றத்தைக் கற்பிப்பதாக ஹெர்மாஸ் 2ஆம் நூற்றாண்டில் உரோமில் இயற்றிய 'மேய்ப்பன்' என்னும் நூலையும், ஒழுக்கம் கெட்டார்க்குத் துணைபோவது என்று எள்ளுகின்றார்.

வியப்பு யாதெனின், இதே தெர்த்துலியன் தாம் முன்னர் எழுதிய 'மனமாற்றம் பற்றி' என்னும் நூலில், திருமுழுக்கிற்குப்பின் பிழைத்தவனுக்கு ஒருமுறை மன்னிப்பு உண்டு எனக் காட்ட இவ்வுவமையையே துணைக்கொண்டமை! இடையில் அவர் மொந்தானியர் கொள்கையைச் சார்ந்தார். ஆட்டின் பொருளும் மாறிற்று. அவரைப் பொய்யர் என்றல் முறையன்று. இரத்தஞ் சிந்தக் காத்த சமயம் தளர்ந்துவிடுமோ என்னும் அச்சமே அவரை அவ்வாறு பேசச் செய்தது என்பது எம் கருத்து.

கி. பி. 250இல் பேரரசன் தேசியு அனைவரும் தேவர்க்குப் பலியிடல் வேண்டும் என ஆணையிட்டபோது கிறித்தவர் பலர் அஞ்சிப் பணிந்தனர். கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியன் ஒளிந்திருந்து மடல் வழியே சபையை நடத்தினார். உரோமச் சபைக் குருமார் கார்த்தேஜ் குருமார்க்கு விடுத்த மடல், ஓநாயைக் கண்டு ஓடிய கூலியாளைச் சுட்டியது. குறிப்பு யாரைத் தைத்தது என்பதை உணர்ந்த சிப்பிரியன், இம்மடல் உம்முடையதுதானா எனக் கேட்டு அதனைத் திருப்பி அனுப்பினார். தாழ்மையும் சினமும் கலந்த அவ்விடை படிக்கத்தக்கது. பின்னர், பணிந்தவர்க்கு மீட்சியே இல்லை என நோவாத்தியன் பிரிந்தபோது, சிப்பிரியன் லூக்காவின் ஆட்டையே எடுத்துக்காட்டினார். நோவாத்தியனைச் சார்ந்த ஆர்ல்ஸ் நகர ஆயர் மார்சியனைக் கண்டித்தபோது எசேக்கியேலின் 34ஆம் அதிகாரத்தைக் காட்டினார். தெர்த்துலியனை ஆசான் என்றே சொல்லி நாள்தோறும் அவர் நூல்களைப் பயின்றவர் சிப்பிரியன் என ஜெரோம் கூறுவர். ஆசான் மந்தைக்குப் புறத்தே நிறுத்திய ஆட்டை மாணாக்கர் உள்ளே கொணர்ந்தார். கி. பி. 258இல், தாம் ஆயராயிருந்த நகரிலேயே சிப்பிரியன் தலை துணிக்கப்பட்டார். கூலியாள் என்னும் பழி அத்துடன் ஒழிந்தது.

5ஆம் நூற்றாண்டில் ரவென்னா நகரத்துக் கல்லா பிளாசிதியா மண்டபத்தில் பதித்த வண்ணக்கல் ஓவியத்திலும் மேய்ப்பன் உளன். பொன்னுடை அணிந்து பாறைமேல் அமர்ந்து, வளைகோலுக்கு மாறாகச் சிலுவைக் கோலை ஏந்தியுள்ளான். இருபுறமும் மும்மூன்றாக ஆறு ஆடுகள் அவனை நோக்கி நிற்கின்றன. ஒன்றை அவன் கை தொடுகின்றது. அரசனிடமிருந்து எடுத்த பெயர் அரச கோலத்திற்கே மீண்டது போலும். அவன் தோளில் ஆடு இல்லை.