கடல்கட்டியும் முத்துக்குளிப்பின் தலைமையும்: டென்னன்ட் கருத்துக்கு ஒரு மறுப்பு

மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் இடம்பெற்ற கடல்கட்டியைப் பற்றி எழுதிய பலரும் எமர்சன் டென்னன்ட் போட்ட தடத்திலேயே நடக்கின்றனர். இலங்கைக் குடியேற்ற அரசில் செயலாளராக இருந்த டென்னன்ட், 1859இல் வெளியிட்ட தம் நூலில் கடல்கட்டியைச் சுறாவை மந்திரத்தால் கட்டுபவராக அறிமுகம் செய்து, மூடநம்பிக்கைக் கணக்கில் வைத்துவிட்டு அப்பால் செல்கிறார். அவரே தரும் செய்திகள் அந்த முடிவுக்கு இடம் தரவில்லை என்பது என் வாதம்.

முத்துக்குளிப்பு நடந்த அரிப்பு என்ற ஊருக்கு டென்னன்ட் சென்றபோது கடல்கட்டி நோயுற்றிருந்தார். தமக்குப் பதிலாக ஒருவரை அனுப்பியிருந்தார். மந்திரம் தமக்குத் தெரியாது என்றும், மேலவரின் பேராளராகத் தாம் வந்து நிற்பதே சுறாக்களுக்குப் போதும் என்றும் அந்த ஆள் சொன்னாராம். டென்னன்ட் இதை நகைச்சுவையாக எழுதுகிறார். ஆனால் மந்திரம் அறியாதவர் வந்து நின்றதும் குளிப்பு நடக்கலாம் என்றால், தொழிலாளர் எதிர்பார்த்தது மந்திரத்தை அன்று. பொறுப்புள்ள ஒருவர் கரையில் இருப்பதைத்தான். அப்போது அக்குடும்பத்தின் தலைவர் ரோமன் கத்தோலிக்கர் என்பதையும் டென்னன்ட்டே குறிக்கிறார். சமயம் மாறியும் பதவி நிலைத்திருக்கிறது. சடங்கைவிடப் பதவிக்கே வலு இருந்ததற்கு வேறென்ன சான்று வேண்டும்?

1803இல் நூல் வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல் இதற்கு வலுச் சேர்க்கிறார். படகுகள் திரும்பும் பிற்பகல்வரை கடல்கட்டிகள் உண்ணாமல், நீர் அருந்தாமல் கரையில் நின்றனர். சிலர் படகிலும் ஏறிச் சென்றனர். பெர்சிவலும் இதை ஏமாற்று வேலை என்றே எண்ணினார். இருக்கட்டும். நாள் முழுதும் கடலைப் பார்த்தபடி ஒருவர் நின்றார் என்ற செய்தி அவருடைய எண்ணத்தையும் மீறி நமக்குக் கிடைத்துவிட்டது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, 1290களில் இக்கரைக்கு வந்ததாகக் கருதப்படும் மார்க்கோ போலோவின் குறிப்பில் உள்ள ஒரு சிறு தொடர். அரசனுக்குப் பத்தில் ஒன்றும், மீனைக் கட்டும் பிராமணருக்கு இருபதில் ஒன்றும் வணிகர் கொடுத்தனர் என்பதைப் பலர் மேற்கோள் காட்டுவர். அடுத்து வருவதைப் பெரும்பாலும் விட்டுவிடுவர்: அந்தக் கட்டு பகலுக்கு மட்டுமே, இரவில் அவர்களே அதை அவிழ்த்துவிடுவர். சுறாவுக்கு அஞ்சியே கட்டினார்கள் என்றால் இரவில் ஏன் அவிழ்க்க வேண்டும்? இரவில் எவரும் திருட்டுத்தனமாக இறங்கக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. ஆக, முத்துச்சிப்பிப் படுகையாகிய பாரைத் திறப்பதும் மூடுவதும் கட்டுபவர் கையில் இருந்தன. இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் இறங்கலாம் என்று அறிவிப்பது தலைமைப் பணியே.

இங்கு ஓர் எச்சரிக்கை. போலோ சொல்லும் பிராமணருக்கும் டென்னன்ட் சொல்லும் கத்தோலிக்கருக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. பதவி கைமாறியது 1530களில் கடலோரப் பரதவர் கத்தோலிக்கராக மாறிய பிறகாக இருக்கலாம். உறுதிபடச் சொல்ல இயலாது. இன்னும் பழைய சான்று தேடினால், மாங்குளத் தமிழிக் கல்வெட்டில் வரும் கொடையாளர் ஒருவரை முத்துக் கண்காணிப்பாளர் என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கொள்கிறார். அதை ஏற்றாலும் அவர் முத்துக்கு அதிகாரி, முத்துக்குளிப்போருக்கு அல்லர்.

கடல்கட்டி நீரில் இறங்கியதாக இக்குறிப்புகள் எதிலும் இல்லை. படகைச் செலுத்தியவர் தண்டல்; உடைமையாளர் சம்மாட்டி; குளிப்பவரின் உயிர் கயிறு பிடிப்பவர் கையில். படகுக்குப் பத்துப் பேர் குளித்தாலும் ஒரு வேளையில் ஐவர்தாம் கீழே இருப்பர் என்று பெர்சிவல் எழுதுகிறார். நான்கு பேரிடம் பிரிந்து கிடந்த தலைமை, முழுவதும் நீருக்கு மேலேயே இருந்தது.

ஸ்கூபா இதைத் தலைகீழாக்கியது. குஸ்தோவும் கான்யனும் 1943இல் உருவாக்கிய மூச்சுக்கருவியால் கயிறு போயிற்று. கயிறு பிடித்தவரும் போனார். தலைவர் பெரும்பாலும் உடன் இறங்க வேண்டியதாயிற்று. 1966இல் தொடங்கிய ‘பாடி’ என்னும் முக்குளிப்புப் பயிற்சி அமைப்பில், குழுவை வழிநடத்தும் டைவ்மாஸ்டருக்கான பயிற்சியில் சேர 18 வயதும் 40 முழுக்குகளும் வேண்டும். சான்றிதழ் பெற 60 முழுக்குகள். இடத்தை மதிப்பிடுதல், இறங்குமுன் விளக்குதல், ஆள் எண்ணுதல், விபத்துக்கால உதவித் திட்டம் எழுதுதல் எல்லாம் ஒருவர் பொறுப்பு. குடும்பவழிப் பதவி தேர்வுவழிப் பதவியானது. முத்துக்குளித்தவரின் மரபே ஸ்கூபாவாக வளர்ந்தது என்ற பரவலான கருத்தையும் ஏற்க முடியவில்லை. தூத்துக்குடியில் 1955-61 முத்துக்குளிப்புக்குப் பின் தொழில் அற்றுப்போயிற்று. 1960களில் அங்கு நீருக்கடி ஆய்வுகளை வெளியிட்டவர்கள் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் போன்ற அறிவியலாளர்கள்.

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் அயலார் குறிப்புகள்; உள்ளூர்ச் சான்றைக் கல்வெட்டுகளில்தான் தேட வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுத் தலைமையகம் 1966 முதல் மைசூரில் உள்ளது. அங்கே சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021இல் ஆணையிட்டது. படிகள் எங்கிருந்தாலும், பழைய முத்துத் துறைகளான கொற்கை, காயல் வட்டாரத்துக் கல்வெட்டுகளில் பதிப்பிக்கப்படாதவற்றை முதலில் அச்சேற்ற வேண்டும். கடல்கட்டியைப் பற்றி அயலார் எழுதியதை உள்ளூர்ச் சான்றோடு ஒப்பிட வேறு வழி இல்லை.